நான் கழுவிக் கொடுத்த பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மச்சினன் கதிர்வேலிடமிருந்து போன்.

"மாமா, ஒரு பராதி எழுதோணுமுங்க. அக்காளையும் கூட்டிட்டு வாரீங்களா?"

பராதி என்றால் புகார். மலையாளச் சீமைச் சித்தூர்ப் பக்கத்தில் நாங்கள் வீட்டுக்குள் கொங்குத் தமிழில்தான் சண்டை போடுவோம். சண்டை வாசலைத் தாண்டி ஆபீஸ் பக்கம் திரும்பிவிட்டால் மட்டும் மலையாளத்துக்கு மாறிவிடும். மனு கூட எங்கள் வாயில் அபேக்ஷைதான்.

எனக்கு உள்ளூரப் பெருமை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் என்னை "பேப்பர்ல என்னமோ எழுதறாருங்க" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அந்த 'என்னமோ'வில் கொஞ்சம் பரிதாபமும் இருக்கும். இப்போதுதான் முதல் தடவையாக என் எழுத்துக்கு அங்கே ஒரு வேலை வந்திருக்கிறது. சும்மா போகலாமா? இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் என் மனைவி மல்லிகா.

"ஒன்றில் கோபம் தீர்ந்துபோனால்?"

பத்தியெழுத்தாளனின் மனைவிக்குச் சில நகைச்சுவைகள் காதில் விழாது. அது ஒரு தற்காப்பு.

கதிர்வேலின் தோப்பு சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தென்னை, கொஞ்சம் நெல், மூலையில் ஒரு மீன்குளம். குளம் அவனுடைய சொந்த யோசனை. தேங்காய் விலையை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் மீன் வளர்க்கப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் என்ன நடக்கும்? எல்லோரும் சிரித்தோம். நான் இந்தப் பத்தியிலேயே சிரித்தேன், சிலருக்கு நினைவிருக்கலாம். அவன் யாரையும் பொருட்படுத்தாமல் திலேப்பியாக் குஞ்சு வாங்கி விட்டான், தீவனம் போட்டான், வளர்த்தான். ஓணத்துக்குக் குளத்தங்கரையிலேயே வைத்து உயிரோடு விற்பதாகத் திட்டம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வெட்கமில்லாமல் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம்.

நாங்கள் போனபோது அவன் கரையில் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடையில் செத்த மீன்கள்.

"தினமும் இப்பிடித்தானுங்க மாமா. ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சுது. இப்பக் கூடையில அள்றேன்."

குளத்தைப் பார்த்தேன். ஒரு மீன் மேல்மட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. போக வேண்டிய பஸ் எது என்று மறந்துபோனவர் பஸ் ஸ்டாண்டில் சுற்றுவது போல. அதன் கண் பிதுங்கியிருந்தது.

"யாரு மேல பராதி?" என்றேன்.

"அந்தாளு மேலதான். பொன்னுசாமி. மருந்தைக் கலக்கி உட்டுட்டான் மாமா."

பொன்னுசாமி பக்கத்துத் தோட்டக்காரர். வாய்க்கால் தண்ணீர் முதலில் அவர் நிலத்துக்குப் போய், அப்புறம்தான் கதிர்வேலின் குளத்துக்கு வரும். போன கோடையில் யார் முறைக்கு யார் மடை திறந்தது என்று ஒரு தகராறு. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் கதிர்வேல் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். இப்போது 'அந்தாளு'. மீன் சாக ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்பு அவர் வாய்க்கால் ஓரமாக மருந்தடிக்கும் மெஷினோடு நடந்ததைக் கதிர்வேல் தன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? எனக்கு வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன்.

நன்றாகவே எழுதினேன். 'வாயில்லா ஜீவன்கள்' என்று ஓர் இடத்தில் போட்டேன். 'நயவஞ்சகம்' என்றும் ஒன்று. வாசித்துக் காட்டியபோது கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகா மட்டும், "தம்பி, நாளைக்கு ஸ்டேஷன்ல குடுத்துட்டா அப்பறம் ரெண்டு ஊடும் எந்தக் காலத்துக்கும் சேராது. யோசிச்சுக்கோ" என்றாள். நாங்கள் கேட்கிற நிலையில் இல்லை. எழுதியவனுக்கு எழுத்தின் மேல் மயக்கம், கேட்டவனுக்குக் கோபத்தின் மேல்.

அப்போதுதான் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு பை. "கதிர்வேல் அண்ணன் இருக்காகளா? போன்ல கூப்பிட்டிருந்தீகளே, மீன் சாகுதுன்னு."

கதிர்வேல் திருதிருவென்று விழித்தான். மீன் சாக ஆரம்பித்த புதிதில், பஞ்சாயத்தில் கொடுத்த நம்பர் ஒன்றுக்கு அவன்தான் பேசியிருக்கிறான். அப்புறம் பொன்னுசாமி மேல் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்த பிறகு பரிசோதனை எதற்கு? மறந்தே போய்விட்டான்.

பெண்ணின் பெயர் செல்வராணி. மீன் நோய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தேயிலை பேக்டரி, அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவள் பேச்சு தெற்கத்திப் பேச்சு. நாங்கள் 'ங்க' போட்டு இழுக்க, அவள் 'வந்தீக, போனீக' என்று வெட்ட, கொஞ்ச நேரத்துக்கு மல்லிகாவுக்கு மீனை விட இதுதான் சுவாரஸ்யமாக இருந்தது.

"நீங்க பேசறது கேக்க நல்லா இருக்குது கண்ணு."

"நீங்க பேசுறதும்தான் அக்கா. திட்டுனாக்கூட மரியாதையா இருக்கும் போல."

"திட்டிக் காட்டட்டுங்களா?" என்று மல்லிகா என்னைப் பார்த்தாள்.

செல்வராணி கரையில் நடந்து ஒரு சுற்று வந்தாள். செத்த மீனைப் புரட்டிப் பார்த்தாள். சுற்றி வந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஓரத்தில் தவளை குதித்ததைப் பார்த்தாள்.

"மருந்துன்னா தவளை, பூச்சி எல்லாம் சேந்துல்லாண்ணே சாகும். இது கிருமி மாதிரி இருக்கு. ஆனா மாதிரின்னு சொல்லிட்டுப் போக நான் வரலை. பாத்துருவோம்."

முதுகுப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். எங்கள் வீட்டு டிபன் டப்பாவை விடக் கொஞ்சம் பெரிசு.

"இதுதான் மெஷினா?" என்றேன்.

"ஆமாண்ணே."

"மிச்சம் வேன்ல வருதா?"

"இவ்வளவுதாண்ணே."

முன்பெல்லாம் செத்த மீனை ஐஸில் வைத்துத் தூரத்து லேபுக்கு அனுப்ப வேண்டுமாம். முடிவு வருவதற்குள் குளத்தில் மீன் இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். இந்தப் பெட்டி குளத்தங்கரைக்கே வருகிறது. மீன் கூட வேண்டாம், தண்ணீர் போதும். கிருமி தண்ணீரில் நீந்திவிட்டுப் போயிருந்தால் தன் டிஎன்ஏவை விட்டுவிட்டுத்தான் போகுமாம். அந்தத் துணுக்கைப் பிடித்து, யார் வந்து போனது என்று சொல்லிவிடும். அதுவும் ஒரு மணி நேரத்தில். அன்று காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. அதுவும் பரவாயில்லையாம், பாட்டரி இருக்கிறது.

எப்படி என்று கேட்டேன். செல்வராணி பொறுமையாகச் சொன்னாள். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் ஒரு ரகசியத்தை இரண்டு பேரிடம் சொல்கிறார். இரண்டு நாலாகிறது. நாலு எட்டு. பஸ் கிளம்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது, இல்லையா? அதேதான். பெட்டிக்குள் சின்னச் சின்ன டியூப்கள். தேடுகிற கிருமியின் டிஎன்ஏ துளியூண்டு இருந்தால் போதும், அது இரண்டாகி நாலாகிப் பெருகும். பெருகினால் டியூப் ஒளிரும். ஒளிர்ந்தால் செல்போன் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். கிருமி அதிகமிருந்தால் கோடு சீக்கிரம் ஏறும். வேறு கிருமி இருந்தால் கோடு அசையவே அசையாது. ஊர் வதந்திக்கு இல்லாத ஒழுக்கம்.

"மூணு எடம் எடுப்போம்" என்றாள். "குளத்துத் தண்ணி ஒண்ணு. வாய்க்கால்லேருந்து உள்ள வர்ற தண்ணி ஒண்ணு. அப்புறம் இது." சீல் வைத்த ஒரு குப்பியைக் காட்டினாள். "இது லேபுலேருந்து கொண்டாந்த வெறுந்தண்ணி. இதையும் அதே மாதிரி பாட்டில்ல ஊத்தி, அதே மாதிரி செய்வேன். இதுல ஒண்ணும் வரக் கூடாது. வந்துச்சுன்னா தப்பு எங்கிட்ட."

இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. துப்புத் துலக்க வருகிறவர் முதலில் தன்னையே ஒரு சந்தேக நபராகச் சேர்த்துக்கொள்வதா?

"அண்ணே, நான் கிளவுஸ் போட்டுக்கிடுதேன். அந்தக் கவரைப் பிரிச்சு பாட்டிலை எடுத்து வைங்க" என்றாள்.

பிரித்தேன். உள்ளே பளபளவென்று மூன்று பாட்டில்கள். வைக்கத்தான் சொன்னாள். ஆனால் நான் வளர்ந்த வீட்டில், இந்தத் தாலுகாவில் எந்த வீட்டிலும், கழுவாத பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்க மாட்டோம். புதுப் பாத்திரம் என்றாலும் ஒரு அலசு அலசித்தான் பிடிப்போம். அதுவும் விருந்தாளி கொண்டுவந்த பாத்திரம், எந்தக் கடையில் எந்தக் கை பட்டதோ. மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். கரண்ட் இல்லாததால் பைப்பில் தண்ணீர் வரவில்லை. ஓரத்தில் சிமென்ட் தொட்டி இருந்தது. அடியில் மீன்வலை ஊறிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மேலாக முக்கி, குலுக்கி, மூன்றையும் நன்றாக அலசி, என் வேட்டியில் துடைத்து வேறு கொண்டுபோய் வரிசையாக வைத்தேன்.

வேட்டி துவைத்ததுதான்.

அந்த வலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது கதிர்வேலுடையது மட்டும் அல்ல. பொன்னுசாமி வீடு உட்பட அந்தச் சுற்று வட்டத்தில் மீன் வளர்க்கிற ஐந்து வீடுகள் சேர்ந்து வாங்கியது. வளர்ச்சி பார்க்க, பெரிசைப் பிடித்துச் சின்னதைத் திரும்ப விட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வலை. முறை வைத்து வீடு வீடாகப் போகும். அதில் இரண்டு சட்டம். ஒன்று, பேச்சு இல்லாவிட்டாலும் வலையை மறுக்கக் கூடாது. கதிர்வேலும் பொன்னுசாமியும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. ஆனால் வலை மட்டும் தவறாமல் போய் வந்துகொண்டிருந்தது. இன்னொன்று, வலையைக் காய விடக் கூடாது. காய்ந்த வலையில் மீன் ஏறாது என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் ஈரத்தோடு கைமாறும், அடுத்த முறை வரைக்கும் தொட்டியில் ஊறும். மறுநாள் பொன்னுசாமியின் முறை.

செல்வராணி வேலையில் இறங்கினாள். பெரிய ஊசிக்குழாய் ஒன்றில் தண்ணீரை உறிஞ்சி, வெள்ளை வில்லை போன்ற பில்டர் வழியாக அழுத்தித் தள்ளினாள். தண்ணீர் போய்விடும், கிருமி வில்லையில் தங்கிவிடும். அந்த வில்லையை ஏதோ திரவத்தில் போட்டு, அதிலிருந்து சொட்டு எடுத்து, டியூபில் விட்டு… அவள் கை நகர்ந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வேகமும் இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. ஒவ்வொரு தண்ணீருக்கும் புதுக் கையுறை.

பெட்டியை வைக்க மேசை வேண்டும். தோப்பில் இருந்த ஒரே மேசைக்கு ஒரு கால் குட்டை. "ஆடக் கூடாதுண்ணே" என்றாள். சுற்றும் முற்றும் பார்த்த மல்லிகா, கையில் கிடைத்த தாளை நாலாக மடித்துக் காலுக்கடியில் வைத்தாள். மேசை அசையாமல் நின்றது.

என் பராதி.

அரை மணி நேரம் போயிருக்கும். முதல் கோடு ஏறியது. குளத்துத் தண்ணீர். கதிர்வேலின் முகம் சுருங்கியது.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோடு. வாய்க்கால் தண்ணீர்.

கதிர்வேல் எழுந்தே விட்டான். "நான் சொல்லலீங்களா மாமா? வாய்க்கால்லயே இருக்குது. அவன் தோட்டத்துல இருந்துதான் வருது. மருந்தோ கிருமியோ, உட்டது அவன்தான். இதையும் சேத்து எழுதுங்க. சயின்ஸே சொல்லீருச்சுன்னு போடுங்க."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். இரண்டாவது பேனா.

"பொறுங்கண்ணே" என்றாள் செல்வராணி.

அவள் மூன்றாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுந்தண்ணீர். அதுவும் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எதுவுமில்லாத தண்ணியிலயும் வருது. அப்படின்னா இதுல எதையும் நம்பக் கூடாது. வாய்க்காலையும் நம்பக் கூடாது."

"அதெப்புடிங்க? மெஷினு காட்டுதல்லங்க?" என்றான் கதிர்வேல்.

"மெஷின் காட்டுது. நான் சரியா எடுத்தேனான்னு முதல்ல பாக்கணும்ல."

அவள் முகம் வாடிவிட்டது. கையுறையைப் பார்த்தாள், பில்டர் கவரைப் புரட்டினாள், மேசையைத் தடவிப் பார்த்தாள். "இந்த மாதிரி ஆனதே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கே பாவமாக இருந்தது. ஆறுதலாக, "புது மெஷின்தானே, அப்படித்தான் இருக்கும், விடும்மா" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மல்லிகா என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க… நீங்க அந்த பாட்டிலையெல்லாம் எடுத்துட்டுப் போய்க் கழுவுனீங்கல்ல?"

ஒரு தென்னை ஓலை விழுகிற சத்தம் கேட்டது.

செல்வராணி மெல்லத் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று தயாரானேன். அவள் திட்டவில்லை. வேறொரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளுக்கு ஒரு மாலை போட வேண்டும்.

"எந்தத் தண்ணில கழுவுனீகண்ணே?"

கைகாட்டினேன். அவள் தொட்டியிடம் போய்க் குனிந்து, உள்ளே ஊறிக்கிடந்த வலையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது வாட்டம் போயிருந்தது.

"இன்னும் ரெண்டு கவர் இருக்கு. மறுபடி எடுப்போம். இந்தத் தடவை தொட்டித் தண்ணியும் சேத்து. கவரை நானே பிரிச்சுக்கிடுதேன்."

நான் வரப்பு ஓரமாக ஒதுங்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

மறுபடி காத்திருப்பு. மல்லிகா மோர் கொடுத்தாள். "அந்த மெஷினு வேற எதையெல்லாம் கண்டுபிடிக்கும் கண்ணு?" என்று கேட்டாள். "ஊட்டுல முறுக்கு டப்பாவுல கை வச்சது யாருன்னு சொல்லுமா?"

"எச்சி பட்டிருந்தா அதுக்கும் வழி இருக்கு அக்கா."

இந்த ஆராய்ச்சி இத்தோடு நிற்பது நல்லது என்று எனக்குப் பட்டது.

கதிர்வேல் மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்வராணி அவனிடம், "எங்க லயத்துலயும் இப்படித்தாண்ணே. பத்து வீட்டுக்கு ஒரு பைப்பு. ஒரு வீட்ல காய்ச்சல்னா பக்கத்து வீட்டைத்தான் சொல்லுவாக. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாக. கடைசியில பாத்தா எங்க வீட்டுக் குடம்தான் மூடாம இருந்துச்சு" என்றாள்.

அவன், "குடத்துக்கு அப்பறம் மூடி போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"போட்டோம்ணே. ஆனா பக்கத்து வீட்டோட பேச ரொம்ப நாளாச்சு."

இந்தத் தடவை நாலு கோடு. வெறுந்தண்ணீர் தரையோடு படுத்துக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீரும் படுத்துக் கிடந்தது, பொன்னுசாமி போல சாதுவாக. குளத்துக் கோடு எழுந்தது. ஆனால் அதற்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், விறுவிறுவென்று ஏறியது தொட்டிக் கோடு.

"இந்த வலை இதுக்கு முன்னால எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் செல்வராணி.

கதிர்வேல் கொஞ்சம் யோசித்தான். "கெழக்கால ஒரு ஊட்டுல. அங்கிருந்து வந்துதான் நான் வளர்ச்சி பாக்க எறக்குனேன்."

"அவுக குளம் எப்படி இருக்கு?"

"தண்ணியை எறைச்சு வறட்டிட்டாருங்க." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. "கண்ணு பட்டுருச்சுன்னாரு. மீனு என்னாச்சுன்னு நான் கேக்கலீங்க. அவரும் சொல்லலீங்க."

"கிருமி வலையிலேருந்து குளத்துக்கு வந்துச்சா, குளத்துலேருந்து வலைக்குப் போச்சான்னு மெஷின் சொல்லாதுண்ணே. இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். உயிரோட இருக்கா, செத்துக் கெடக்கான்னுகூடச் சொல்லாது. அதுக்கு மீனையும் பாக்கணும், நீங்க சொல்றதையும் கேக்கணும். ஆனா ரெண்டு விஷயம் நிச்சயம். வாய்க்கால் தண்ணி சுத்தம். இந்த வலை இன்னொரு குளத்துல எறங்கக் கூடாது."

இந்த இடத்தில் எனக்கு அந்தப் பெண் மேல் வந்த மரியாதையை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. தன் மெஷினுக்கு என்ன தெரியாது என்பதை இவ்வளவு கூச்சமில்லாமல் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாம் தெரியாததைத்தான் அடித்துச் சொல்வோம். அடித்துச் சொன்ன தாள் ஒன்று மேசைக்காலடியில் கிடந்தது.

வரப்பில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பொன்னுசாமி. தோளில் துண்டு, கையில் வலை தூக்குகிற மூங்கில் கம்பு. கதிர்வேல் இருக்கும் திசையை மட்டும் தவிர்த்து மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தார். கடைசியில் என் முகத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை எப்ப வந்தீங்க? நாளைக்குக் காத்தால குளத்துல எறங்கோணும். பெரிசைப் புடிச்சுட்டுச் சின்னதை உட்டுரலாமுன்னு. வலையை எடுத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

"மாமா, வலை இன்னைக்கு இல்லீன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றான் கதிர்வேல், என்னைப் பார்த்து.

அவர் நின்றது பத்தடி தூரத்தில். நான் நடுவில் தபால்பெட்டி.

பொன்னுசாமியின் முகம் மாறியது. "மாப்பிள்ளை, வாய்க்காத் தகராறு வாய்க்கால்ல இருக்கட்டுமுன்னு சொல்லுங்க. இது அஞ்சு ஊட்டு வலை. எங்கப்பன் செத்தப்பக்கூட நான் வலை முறை தவறுனதில்லை. வலையில வந்து பகையைக் காட்ட வேண்டாமுன்னு சொல்லுங்க."

இப்போது கதிர்வேல் என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், அவன் குளத்தில் சீக்கு என்று. ஓணத்துக்கு ஒருவன் குளத்தங்கரைப் பக்கம் வர மாட்டான். சொல்லாமல் வலையைக் கொடுத்துவிட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. கிழக்கு வீட்டுக்காரர் அதைத்தான் செய்தார். அதுவும் வாங்கிக்கொண்டு போகப்போகிறவர் அவன் எதிரி. காலையில்தான் அவர் மேல் நயவஞ்சகம் என்று எழுதி வாங்கியிருக்கிறான்.

கதிர்வேல் வரப்புப் பக்கம் திரும்பினான்.

"அண்ணா" என்றான். என்னைப் பார்த்து அல்ல. "என்ற குளத்துல சீக்குங்க. வலையிலயும் இருக்குது. நீங்க நாளைக்கு இதோட எறங்குனீங்கன்னா உங்க மீனுக்கும் வந்துரும்."

பொன்னுசாமி கம்பை மெதுவாகத் தரையில் ஊன்றினார்.

"எம்மட்டுப் போச்சு?"

"கூடை கூடையாப் போயிட்டு இருக்குதுங்க."

"என்ற மேல பராதி குடுக்கப் போறதாக் கேள்விப்பட்டேன்."

"எழுதியாச்சுங்க."

"எங்க?"

கதிர்வேல் மேசையின் காலைக் காட்டினான். பொன்னுசாமி குனிந்து பார்த்தார். நாலாக மடித்த தாள். அதன்மேல் மேசை. மேசைமேல் மெஷின், ஆடாமல்.

"எழுதுனது மாப்பிள்ளைங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"கெட்டியாத்தான் எழுதியிருக்கறீங்க" என்றார்.

நான் இத்தனை வருடம் எழுதியதில் ஒரு காரியத்துக்கு ஆனது அந்தத் தாள்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

அப்புறம் அவர் செல்வராணியிடம், "அம்மணி, என்ற குளத்துத் தண்ணியையும் அதுல ஒருக்காப் போட்டுப் பாத்துருங்களேன்" என்றார். அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. மூன்றாவது சுற்றுக்கும் புதுக் கையுறை போட்டாள், வரப்பில் நடந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். நாங்கள் நாலு பேரும் தலைகளை முட்டிக்கொண்டு அந்தச் செல்போன் திரையைப் பார்த்தோம். கோடு எழவில்லை. ஆஸ்பத்திரியில் திரையில் கோடு நேராகப் போனால் அழுவார்கள். பொன்னுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இதை எழுதும்போது கதிர்வேலின் குளத்தில் சாவு குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். செல்வராணி மீன் டாக்டர் ஒருவரைப் பேச வைத்து, தீவனத்தைக் குறைக்க, மருந்து கலந்த தீவனம் போட, செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க, குளத்துத் தண்ணீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் இருக்க என்று வரிசையாகச் சொல்ல வைத்திருக்கிறாள். குளத்தில் காற்றடிக்கிற மெஷின் ஒன்று ஓடுகிறது. அது பொன்னுசாமியுடையது. வலை இனி பொது இல்லை என்று ஐந்து வீடும் கூடிப் பேசியிருக்கிறார்கள். கிழக்கு வீட்டுக்காரரும் வந்திருந்தாராம். தலையைக் குனிந்துகொண்டு இருந்தாராம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஓணத்துக்கு எவ்வளவு மீன் மிஞ்சும் என்று தெரியாது. மிஞ்சியது தேறினால் முதலில் வாங்குவது தான்தான் என்று பொன்னுசாமி சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த மெஷினை விட அந்த வெறுந்தண்ணீர்தான் நினைவில் நிற்கிறது. யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு குப்பி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? முதல் தடவை வந்த இரண்டு கோட்டை வைத்தே பொன்னுசாமி குற்றவாளி. அதுவும் சயின்ஸ் முத்திரையோடு. அடுத்தவரைக் கைகாட்டும் முன் தன் கை சுத்தமா என்று பார்க்க ஒரு குப்பியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். நம்மில் யாரிடம் இருக்கிறது அப்படி ஒரு குப்பி? என்னிடம் இரண்டு பேனாதான் இருந்தது.

அன்று அவள் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி எடுத்த வலையை இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலுள்ள வேலியில் விரித்துப் போட்டிருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்து அது வெயில் பார்த்ததே இல்லை. இந்தப் பக்க முனையைக் கதிர்வேல் இழுத்துக் கட்ட, அந்தப் பக்க முனையைப் பொன்னுசாமி இழுத்துக் கட்டினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாண்ணே?" என்றாள் செல்வராணி.

நாள் முழுக்கக் கையைக் கட்டி நின்ற எனக்கு ஒரு வேலை. ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்து நீட்டினேன். அவள் வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"செம்பை எந்தத் தண்ணில கழுவுனீகண்ணே?"

கழுவவே இல்லை என்றேன். அதற்கு மல்லிகாவிடம் திட்டு வாங்கினேன்.